முதல் குடத்துக்கு ஆடிய போக்கர்

“...அத்தினியும் நடுவுல தள்ளிட்டு ஆகாசத்தப் பாத்துகினு இருந்தா இன்னா அர்த்தம் தங்கச்சி? வாயத் தொறந்து சொல்லு. கையில எதுனா இருக்குதா, இல்லியா?” என்று மேஸ்திரி வீட்டு அண்ணி என்னைக் கேட்டார்.

குழாயடிப் புங்கமரத்து நிழலில் ஒரு கோணிப்பையை விரித்து, அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நடுவில் புளியங்கொட்டைக் குவியல். அவர் கையில் ஐந்து சீட்டு, என் கையில் ஐந்து சீட்டு. சுற்றிலும் இரண்டு லைன் பெண்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அது ஒன்றுக்குத்தான் அங்கே கவலை இல்லை.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், வாரினால் குப்பையில் கொட்டுகிற புளியங்கொட்டைக்கு அத்தனை பெண்கள் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று உங்களுக்கு விளங்காது.

பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கிய புதிது அது. அதற்கு முன்னால் கிணறுதான். கிணற்றில் பாதி நாள் சேறுதான். குழாய் வந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இரண்டு லைன் தட்டி வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு குழாய் வைத்தார்கள். அதையும் முன்லைன் வாசலில் வைத்தார்கள். பின்லைன்காரர்கள் நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் முன்லைன் குடங்கள் எல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் வருவது சாயங்காலம் கொஞ்ச நேரம். முன்லைன் பிடித்து முடிக்கும்போது குழாய் நூல்போல ஒழுக ஆரம்பித்துவிடும். எங்கள் பங்குக்கு அடிமண்டியும் துருவும் கலந்து வரும்.

குடிப்பதற்குக்கூட வடிகட்டிக்கொள்ளலாம். என் கவலை வேறே. என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் ஆழத்து லெவலில் பாறை துளைக்கிற வேலை பார்த்தார். அங்கே மேலிருந்து ஒழுகுகிற தண்ணீர் உடம்பில் பட்டுப்பட்டு, முதுகும் தோளும் புண்ணாகிவிட்டது. தினம் நல்ல தண்ணீரில் குளித்தால்தான் ஆறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். மருந்து கொடுத்தார்கள், நல்ல தண்ணீர் யார் கொடுப்பது? ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து, வாசலில் நின்று, “இன்னிக்கும் பூமி உட்டுச்சும்மே” என்பார். தினம் அதே வார்த்தை. ஆண்டவனுக்குச் சொல்கிற நன்றி அவருக்கு அவ்வளவுதான். நான் மண்டித் தண்ணீரை முதுகில் ஊற்றுவேன். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வரிசையில் முதல் குடம். எங்கள் லைனில் எல்லோருக்கும் வேண்டியது அதுதான். அதற்காகச் சண்டை போட்டோம். குடம் உடைந்தது, மயிர் பிய்ந்தது. ஒருநாள் இரண்டு லைன் ஆண்பிள்ளைகளும் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் வந்து, இன்னொரு தடவை சத்தம் கேட்டால் குழாய்க்குப் பூட்டுப் போடப்படும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டு நின்றோம். சத்தம் போடாமல் முறைப்பது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது சீட்டுக்கு வருகிறேன்.

என் பக்கத்து வீட்டு அக்கா ஒரு துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். என் வயதுதான், ஒரு மாசம் மூத்தவள் என்று சொல்லி அக்கா பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டவள். அந்தப் பங்களாவில் சாயங்காலமானால் துரைகளும் துரைசானிகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு ஆடுவார்கள். பிள்ளையைத் தூங்கவைக்கிற சாக்கில் இவள் பின்னால் நின்று பார்ப்பாள். பழசாகிப் போன சீட்டுக்கட்டு ஒன்றைத் துரைசானி குப்பையில் போடச் சொன்னபோது, அது குப்பைக்குப் போகவில்லை, எங்கள் லைனுக்கு வந்தது. அதில் டைமன் நாலைக் காணோம். தேயிலைப் பெட்டி அட்டையில் ஒன்று வெட்டிச் சேர்த்துக்கொண்டோம். அது யார் கையில் போனாலும் ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஆடினோம்.

“இதுக்கு போக்கர்னு பேரு. ஆளுக்கு அஞ்சு சீட்டு. புடிக்காதத கீழ போட்டுட்டு வேற வாங்கிக்கலாம். யாருது பெருசோ அவங்களுக்கு நடுவுல இருக்கிறது எல்லாம்” என்றாள்.

“எது பெருசு?” என்று கேட்டாள் எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா. அவள் பூர்வீகம் சித்தூர்ப் பக்கம். எங்களோடு தமிழில் பேசுவாள், பிள்ளைகளைத் தெலுங்கில் திட்டுவாள்.

“ஆஸ் பெருசு. அப்பால ராசா, அப்பால ராணி, அப்பால ஜாக்கி.”

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து எங்கள் ஆண்பிள்ளைகள் சீட்டில் முன்னூற்று நாலு ஆடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லோருக்கும் மேலே. அதற்கு அடுத்தது ஒன்பது. ராசா ஏதோ மூலையில் கிடப்பார், ராணி அவருக்கும் கீழே.

“ஏண்டி, ராசாவுக்குக் கீழயா ஜாக்கி? உனுக்கு அந்தத் துரைசானி தப்பா சொல்லிக் குடுத்திருக்குது” என்றாள் தெலுங்குக்கார அக்கா.

“அது எனுக்கு எங்க சொல்லிக் குடுத்துச்சு? நானா பாத்தது. ராசாவ வெச்சிருந்த துரை ஜாக்கி வெச்சிருந்த துரைகிட்ட எல்லாத்தயும் வாரிகினாரு.”

“அப்ப ஜாக்கி வெச்சிருந்தவருக்கு ஆடத் தெரியல.”

இதைத் திருத்திக்கொள்ள எங்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது. மூளைக்குப் புரிந்துவிட்டது, கைக்குப் புரியவில்லை. ஜாக்கியும் ஒன்பதும் வந்தால் கை தானாக அணைத்துக்கொள்ளும். ராசா வந்தால் தானாக வீசிவிடும். எத்தனை ராசாக்களை நான் அப்படித் தெருவில் விட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஆயா அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். “பங்களாவுல அந்த ராசாவுக்கு அத்தினி மரியாதை. நீ இன்னாடான்னா வெத்தல காம்பு மாதிரி கிள்ளிப் போடறே.”

அடுத்த தொல்லை பெயர்கள். எது எதோடு சேர்ந்தால் பெரிசு என்று அவளுக்குத் தெரியும். அவற்றுக்குத் துரைமார்கள் சொன்ன பெயர்கள் ஒன்றும் அவள் வாயில் நிற்கவில்லை. ஆகவே நாங்களே வைத்தோம். ஒரே மாதிரி இரண்டு வந்தால் ஜோடி. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஒரே மாதிரி மூன்று வந்தபோது தெலுங்குக்கார அக்கா, “மூணு கல்லு வெச்சா அடுப்பு” என்றாள். அடுப்பு என்றே நின்றுவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சீட்டு நின்றால் அதைக் குழாய் வரிசை என்றோம். ஐந்தும் இஸ்பேட், அல்லது ஐந்தும் கிளாவர் என்று வந்தால் ‘ஒரே லைன்’.

“வரிசைய விட ஒரே லைன் பெருசாம்” என்றாள் ஆயா அக்கா.

“ஆமா பின்ன. முன்லைன் ஒண்ணா நிக்கப்போய்தான நம்ம வரிசை எடுபடல” என்றேன் நான். விதி மனசில் ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது.

மூன்று ஒரு மாதிரியும், மற்ற இரண்டு ஒரு மாதிரியும் வந்தால் அதற்கும் மேலே. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம். “அடுப்பு ஒண்ணு, ஜோடி ஒண்ணு” என்று ஆயா அக்கா சொல்லிப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்: குடித்தனம். நான்கும் ஒரே மாதிரி வந்தால் கட்டில், நாலு கால் இருப்பதால். குடித்தனத்தை விடக் கட்டில் பெரிதா என்று நாங்கள் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த ஷிப்டுக்காரர் ஒருவர் பக்கத்துத் தட்டியைக் குத்தினார்.

சீட்டு சேர்ப்பது பாதி ஆட்டம்தான். மீதி, புளியங்கொட்டையை வைப்பது. தொடக்கத்தில் ஆளுக்கு ஒன்று கட்டாயம். கையில் இருப்பது நல்ல சீட்டு என்றால் நிறைய வைக்கலாம். எதிராளி அதே அளவு வைத்தால் பார்க்கலாம். வேண்டாம் என்றால் சீட்டை மடக்கிக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம், அதுவரை வைத்தது போச்சு. கையில் ஒன்றுமே இல்லாமலும் நிறைய வைத்து எதிராளியை மடக்க வைக்கலாம் என்று ஆயா அக்கா சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அது எப்பிடி? பொய் ஆச்சே.”

“நீ பொய்யே சொல்லலியே. கொட்டையத்தான வெச்சே. அவங்க பயந்தா நீ இன்னா பண்ணுவே?”

“துரைசானிங்களும் அப்பிடித்தான் ஆடறாங்களா?”

“அவங்க மூஞ்சிய இஸ்திரி போட்டு வெச்சிருப்பாங்க. நல்ல சீட்டு வந்தாலும் அதே மூஞ்சி, கெட்ட சீட்டு வந்தாலும் அதே மூஞ்சி.”

இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் தோற்றோம். எங்களுக்கு முகத்தை இஸ்திரி போடத் தெரியாது. அதைவிட மோசம், எங்கள் வாய். எங்கள் பக்கத்துப் பெண்களிடம், “குழம்பு இருக்குதா?” என்று கேட்டுப் பாருங்கள். சட்டி நிறைய இருந்தாலும், “எங்க, ஒண்ணுமில்ல” என்பாள். பிள்ளை கொழுகொழு என்றிருக்கும், “எங்க, ஒண்ணும் சாப்புடறதே இல்ல” என்பாள். வீட்டுக்காரருக்குச் சம்பளம் ஏறியிருக்கும். “எங்க, ஒண்ணுமில்ல.” இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும். பூமிக்குள்ளேயிருந்து தங்கத்தை எடுத்து மேலே அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, நாங்கள் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை, ஒண்ணுமில்ல. நிஜமாகவே ஒன்றும் இல்லாதவள்தான், “எங்க வீட்டுல இன்னாத்துக்குக் குறச்சல்?” என்று குரலை உயர்த்துவாள்.

சீட்டிலும் அப்படியே நடந்தது. தெலுங்குக்கார அக்காவுக்கு வெறுங்கை என்றால் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துகொள்வாள். எனக்கு நல்ல சீட்டு வந்தால் என் தோள் தொங்கும், குரல் இறங்கும், “எங்கக்கா, ஒண்ணுமில்ல” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். உடனே இரண்டு பேரும் மடக்கிவிடுவார்கள். குடித்தனத்தை வைத்துக்கொண்டு இரண்டே இரண்டு கொட்டையை ஜெயித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா நாங்க எழுந்து ஓடணும்னு அர்த்தம். கம்முனு இரேன்” என்பாள் ஆயா அக்கா.

கம்மென்று இருப்பதற்காக என் வாயில் வெற்றிலையை அடைத்துப் பார்த்தார்கள். வெற்றிலையோடும் சொன்னேன்.

மத்தியானத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில்தான் ஆடுவோம் என்பதால், ஆட்டம் முன்லைனுக்கும் பரவியது. முதலில் எட்டி நின்று முகம் சுளித்தார்கள். பிறகு, “அது இன்னா அடுப்புன்றீங்க?” என்று கேட்டார்கள். பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி வீட்டு அண்ணிதான் கடைசியாக வந்தவர். ஞாயிறு தவறாமல் மாதாகோயில் மணியடித்ததும் போகிற குடும்பம். “துட்டு வெச்சா சூது. கொட்டைய வெச்சா கொட்டைதான்” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே வாரத்தில் எங்கள் எல்லோரையும் விட நன்றாக ஆடினார். அவருக்கு ராசாவையும் ஜாக்கியையும் புரிந்துகொள்ள ஒரு பொழுதுதான் ஆயிற்று. ஆள் பார்த்து ஆடுவார். “சீட்டு முதுகக் காட்டிகினு இருக்குது. மூஞ்சி அப்பிடி இல்லியே” என்பார். நான் அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். நல்ல வார்த்தை எதிரியிடமிருந்து வந்தாலும் எனக்கு விட மனம் வராது.

குழாய்ச் சண்டையைச் சீட்டில் தீர்க்கலாம் என்று சொன்னது ஆயா அக்கா. அதற்கு முறை சொன்னது அண்ணி. மாரியம்மன் திருவிழா வரைக்கும் எத்தனை நாளோ அத்தனை புளியங்கொட்டை எடுப்பது. இரண்டு லைனுக்கும் சரிபாதி. ஒரு லைனுக்கு ஓர் ஆள் உட்கார்ந்து ஆடுவது. தண்ணீர் வருகிறவரை ஆட்டம். முடிவில் எந்த லைனிடம் எத்தனை கொட்டை இருக்கிறதோ, அத்தனை நாள் அந்த லைனுக்கு முதல் முறை. கொட்டை அதிகம் உள்ள லைன் அன்றைக்கே முதலில் பிடித்துத் தொடங்கும்.

“சரிபாதின்னா இப்பவே நம்புளுக்குப் பாதி நாள் வந்துருச்சே. ஆடாம எழுந்து போயிடலாம்” என்று என் காதில் கிசுகிசுத்தாள் தெலுங்குக்கார அக்கா. அது அண்ணி காதிலும் விழுந்தது.

“ஆடாம போனா பழையபடிதான், எங்க வாசல் எங்க வரிசை” என்றார்.

முன்லைனுக்கு அண்ணி. எங்களுக்கு ஆயா அக்காதான் உட்கார வேண்டியவள். “நீ பங்களா ஆட்டம் பாத்தவ, நீ வேணாம்” என்று முன்லைன் ஒத்துக்கொள்ளவில்லை. தெலுங்குக்கார அக்கா தன் நெஞ்சு படபடப்பைச் சொல்லி விலகிக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நானா? நான்தான் வாயால கெடறவளாச்சே.”

“தெரிஞ்சு கெடறவ தேவல” என்றாள் ஆயா அக்கா. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது.

ஆட்டம் நடந்த அன்றைக்கு அவள் துரைசானியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். எங்கள் பக்கத்து ஆள் ஒரு தடவை, அவர்கள் பக்கத்து ஆள் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிச் சீட்டுப் போட்டார்கள். தங்கக்கல் இடிக்கிற மில்லு எப்போதும்போலத் தடதடவென்று இடித்துக்கொண்டிருந்தது. அதன் கழிவைக் கொட்டிய மண்மேட்டுப் பக்கமிருந்து வெள்ளைப் புழுதி வந்து சீட்டின்மேல் படிந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து ஆடினோம்.

ஆரம்பத்திலேயே எனக்கு ராணி மூன்று வந்தன. அடுப்பு. வாயை இறுக்கிக்கொண்டேன். அண்ணி மெதுவாக, “எப்பிடிம்மா, சீட்டு நல்லா வந்துதா?” என்றார், ஊர்ப் பெண்ணிடம் சமையல் ஆயிற்றா என்று கேட்பதுபோல.

“எங்க அண்ணி, ஒண்ணுமில்ல.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் மடக்கிவிட்டார். பின்னால் ஆயா அக்கா நெற்றியில் அறைந்துகொள்ளும் சத்தம் கேட்டது. அண்ணி ஆசைக்குக் காட்டு என்றார், காட்டினேன். “ராணிம்மாக்கள் மூணு பேர உக்கார வெச்சுகினு ஒண்ணுமில்லியாம். நான் உன் சீட்டப் பாக்கல தங்கச்சி, உன் வாயப் பாக்கிறேன்” என்று சொல்லிச் சிரித்தார். முன்லைன் முழுக்கச் சிரித்தது.

பிறகு ஒரு தடவை எட்டு மூன்றும் ஐந்து இரண்டும் சேர்ந்து குடித்தனமே வந்தது. அவர் அதே குரலில் கேட்டார். நான் அதே குரலில் சொன்னேன். நாக்கைக் கடிப்பதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது. மறுபடியும் ஒரே கொட்டை. எனக்குப் பின்னால், “இவள ஏண்டி உக்கார வெச்சோம்?” என்று யாரோ கேட்டார்கள். நடுவில் அண்ணி தனக்கு நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உள்ளே விட்டுக் கொட்டைகளை வாரிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் குவியல் ஏறியது. என் பக்கம் கோணிப்பை தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு கொட்டை போகும்போதும், அந்த நாள் என் வீட்டுக்காரர் முதுகில் மண்டித் தண்ணீர் விழுவது எனக்குத் தெரிந்தது.

வெயில் சாய்ந்தது. தண்ணீர் திறக்கிற ஆள் கையில் சாவியோடு மேட்டில் நடந்து போவதை எல்லோரும் பார்த்தோம். “இதான் கடைசி ஆட்டம்” என்றார் அண்ணி. நான் தலையாட்டினேன்.

சீட்டு வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஐந்தாவது ஒரு ராசா. ஆறோ ஜாக்கியோ ஒன்று வந்தால் போதும், குழாய் வரிசை. அண்ணி தன் சீட்டைப் பார்த்தவுடனே ஒரு பிடி கொட்டையை நடுவில் வைத்தார். அவர் அப்படிச் சட்டென்று வைக்கிறவர் இல்லை. நானும் ஒரு பிடி வைத்தேன். அவர் மேலும் வைத்தார். நானும் வைத்தேன். இதை விட்டால் வேறு ஆட்டம் இல்லையே. என் நாட்களில் பாதிக்கு மேல் நடுவில் கிடந்தன.

அவர் இரண்டு சீட்டைப் போட்டு இரண்டு வாங்கினார். மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டை மாற்றுகிறவளிடம் இருப்பது அடுப்பு, குழந்தைக்கும் தெரியும். நான் ராசாவை வீசிவிட்டு ஒன்று வாங்கினேன். மெதுவாகத் திருப்பினேன்.

இஸ்பேட் இரண்டு.

வரிசையும் இல்லை, ஜோடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் ஆயுளில் அப்படி ஒரு வெறுங்கை வந்ததில்லை. அண்ணி இன்னொரு பிடி கொட்டையை எடுத்து நடுவில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மடக்கினால் போச்சு. எங்களிடம் மிஞ்சுவது கைப்பிடி நாட்கள்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. என் முன்னால் மிஞ்சியிருந்த கொட்டை எல்லாவற்றையும் இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்து நடுவில் தள்ளினேன். தள்ளிவிட்டுப் புங்கமரத்து இலைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தேன். முகத்தை இஸ்திரி போடத் தெரியாதவள் வேறு எங்கே பார்ப்பது.

அண்ணி அந்தக் குவியலையும் தன் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதைப் பார்க்க வேண்டுமானால் அவர் தன்னிடம் மிஞ்சியிருப்பதிலிருந்தும் நிறைய எடுத்து வைக்க வேண்டும். தோற்றால் முன்லைனுக்குத் திருவிழா வரைக்கும் கொஞ்ச நாள்தான் மிஞ்சும். மடக்கினால் நடுவில் இருப்பது எனக்கு, அதுவே மொத்தக் கொட்டையில் பாதிக்கு மேல். ஆனால் அவர் முன்னால் கிடக்கிற நாட்கள் அவருக்கு. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கையில் எதுனா இருக்குதா, இல்லியா?

வானத்திலிருந்து கண்ணை இறக்கி அவரைப் பார்த்தேன். என் தோள் தானாகத் தொங்கியது. குரல் தானாக இறங்கியது. அன்றைக்கு முழுக்கச் சொல்லாத நிஜத்தை முதன்முதலாகச் சொன்னேன்.

“எங்க அண்ணி, ஒண்ணுமில்ல.”

எனக்குப் பின்னால் எங்கள் லைன் முழுவதும் ஒரே குரலில், “ஐயோ” என்றது. ஆயா அக்கா, “போச்சு, மறுபடியும் சொல்லிட்டா பாவி” என்று கோணிப்பை ஓரத்தில் உட்கார்ந்தேவிட்டாள். தெலுங்குக்கார அக்கா தன் பாஷையில் என் தலைமுறையையே திட்டினாள். அவர்கள் நடிக்கவில்லை. கையில் கட்டிலே வைத்துக்கொண்டு வாயால் கெடுத்துவிட்டேன் என்று நிஜமாகவே நம்பி அழப் பார்த்தார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளே பொங்கிய சந்தோஷத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் முகத்தை இன்னும் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

முன்லைன் பெண் ஒருத்தி குனிந்து, “வேணாம் அண்ணி, மடக்கிடுங்க. அவ ஒண்ணுமில்லன்னா குறஞ்சது குடித்தனம். இருக்கிற நாளாவது நம்புளுக்கு நிக்கட்டும்” என்றாள்.

“தெரியுது, இரு” என்றார் அண்ணி.

அவர் என் வாயைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். தன் சீட்டை ஒருமுறை விரித்துப் பார்த்து மறுபடி சேர்த்தார். குழாய்க்குள்ளே காற்று புஸ்ஸென்று சீறியது, தண்ணீர் கிளம்பிவிட்டது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“உனுக்கு இத்தினி வந்துருக்குது, இன்னும் ஒண்ணுமில்லன்றே” என்று சொல்லி, ஐந்து சீட்டையும் கோணிப்பையின்மேல் கவிழ்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். குழாயடிக்குப் போய், வரிசையில் முதலாவதாக நின்ற தன் செப்புக் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். பின்னால் வரிசைக் கடைசியில் இருந்த என் மண்குடத்தை இரண்டு கையாலும் எடுத்து வந்து குழாய்க்கு அடியில் வைத்து, திருகைத் திறந்துவிட்டார்.